பெட்டிக்குள் போன நெத்திலி

எங்கள் பள்ளிக்கூடம் பல நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில் சேர்ந்தபோது நான் அங்கே ஆயாவாக இருந்தேன். பெருக்குவேன், மணி அடிப்பேன், மற்ற நேரமெல்லாம் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரோரமாகவே நடப்பேன். திருவொற்றியூரில் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பள்ளிக்கூடம் அது. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஹெச்.எம். அம்மா எதிரே வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டு டீச்சர் ஒருவர் வரப்போகிறார், நம் ஊரைக் காட்டும் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு அவரிடம் கொடுக்க வேண்டும், அவர் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து நம்மைத் தெரிந்துகொள்வார்கள் என்றார்கள். ஹெச்.எம். அம்மா தலையாட்டி பொம்மை, சந்தன மாலை, குட்டி வீணை என்று வாங்கி அடுக்கினார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ரூமைப் பெருக்கப் போனேன். ஐந்தாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"இன்னா ஆயா இது? உங்க வூட்ல வீணை கீதா?"

"எங்க வூட்ல ஏதுடி?"

"எங்க வூட்லயும் இல்ல. எங்கம்மா காய வெச்ச நெத்திலி கீது. எட்த்தாரட்டா?"

"ஐயோ, அம்மாக்குத் தெரிஞ்சா என்ன வேலைய வுட்டே தூக்கிடுவாங்க."

"நீ சொன்னாத்தான தெரியும்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. பரிசு கொடுத்தவர் எதிரிலேயே யாராவது பிரிப்பார்களா? வீட்டுக்குப் போய்த்தானே பிரிப்போம். அந்த டீச்சரும் அவர் ஊருக்குப் போய்ப் பிரிக்கட்டும், அவ்வளவு தூரத்திலிருந்து யார் வந்து என்னைப் பிடிப்பது? சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நெத்திலிக் கருவாட்டைப் பேப்பரில் சுற்றி, வீணைக்கு அடியில் நானே செருகினேன்.

இரண்டு நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திங்கட்கிழமை திறந்ததும் ஹெச்.எம். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆயா, உள்ள எலி ஏதோ செத்துக் கெடக்கு. தேடுங்க."

பீரோவுக்கு அடியில் தேடினேன், மேலே தேடினேன், பெட்டியைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன். சாயங்காலம் எலிப்பொறியில் வடைத் துண்டு ஒன்றைக் குத்திவைத்தேன். பார்த்தால், மறுநாள் நிஜமாகவே ஒன்று மாட்டியிருந்தது. செத்த எலி இல்லை, கொழுத்த எலி.

"இதா அவ்ளோ நாத்தம்?"

"ஆமாம்மா. சாக்கடை எலி."

அவரிடம் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

புதன்கிழமை அந்த டீச்சர் வந்தார். ஹெச்.எம். அம்மா பெட்டியைக் கொடுத்தார். அவர் வாங்கிய கையோடு மேசைமேல் வைத்துப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்! அவர்கள் ஊரில் அப்படிச் செய்வதுதான் மரியாதையாம். இதை எனக்கு யார் சொன்னார்கள்?

பொம்மை வந்தது, மாலை வந்தது, வீணை வந்தது. அடுத்துப் பொட்டலம். வரவேற்க நிறுத்தியிருந்த அந்த மூன்று பெண்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"யார் வெச்சது இது?" ஹெச்.எம். அம்மாவின் பார்வை அவர்கள் பக்கம் திரும்பியது.

"நான்தாம்மா," என்றேன் கதவோரத்திலிருந்து. "நம்ம ஊருன்னா இதானேன்னு..."

அதற்குள் அந்த டீச்சர் பொட்டலத்தை மோந்து பார்த்து ஏதோ கேட்டார். ஹெச்.எம். அம்மா இங்கிலீஷில் பதில் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவர் விரல்கள் காற்றிலேயே நெத்திலியின் தலையைக் கிள்ளின, வெந்நீரில் அலசின, சட்டியில் புரட்டின. கருவாடு ஆய்ந்து பழகாத கைக்கு அந்த வேகம் வராது. கடைசியில் பொம்மையும் வீணையும் பெட்டிக்குத் திரும்பின. நெத்திலி மட்டும் அந்த டீச்சரின் கைப்பையில் ஏறியது.

கார் போனதும் ஹெச்.எம். அம்மா நேராக என்னிடம் வந்தார். இன்றோடு வேலை போயிற்று என்று மணிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் வாயில் அதுவரை நான் கேட்டிராத பேச்சில் கேட்டார்:

"அப்ப அந்த எலி இன்னா ஆயா பாவம் பண்ணுச்சி?"

பள்ளி விட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் மணியை அடித்துவிட்டேன்.