அன்னார் மறுபடியும் கேட்கிறார்

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவித்தல் சொல்கிறவனுக்குத் தொண்டை கட்டினாலும் பிழைத்துக்கொள்ளலாம், நாக்குப் பிசகினால் பிழைக்க முடியாது. வாயை வாடகைக்கு விட்டுச் சீவிக்கிற என்னைப் போன்ற பாவப்பட்ட சனங்கள் யாராவது இதை வாசித்தால், நான் பட்ட பாடு விளங்கும்.

முல்லைத்தீவுப் பக்கம் செத்தவீடு என்றாலும், கோயில் திருவிழா என்றாலும், மாட்டுக்குத் தடுப்பூசி என்றாலும் என் குரல்தான். இப்போது பாராளுமன்றத் தேர்தல். போனமுறை வென்ற எங்கள் எம்.பி. மறுபடியும் வாக்குக் கேட்கிறார். போனமுறை அவருக்காகக் கத்தியவனும் நான்தான். அக்கரைக் குடியிருப்புக்குப் போக இருக்கிற ஒரே வழி ஆற்றைக் கடக்கிற ஒரு மதகுப் பாலம். அது உடைந்து கிடந்தது. அடுத்த மாரிக்கு முன்னம் எம்.பி. கட்டித் தருவார் என்று அன்றைக்கு வீதி வீதியாகச் சொன்னேன். ஐந்து மாரி போய்விட்டது, மதகு உடைந்தபடியேதான் கிடக்கிறது.

பாதிக் கதவு

அன்று காலையில் இரண்டு செத்தவீட்டு அறிவித்தல். முடித்த கையோடு தண்ணீரூற்றுச் சந்தியில் எம்.பி.யின் கூட்டத்துக்கு அறிவித்தல். நாக்குக்கு என்ன தெரியும்? காலையில் ஓடிய தடத்திலேயே ஓடியது. "எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் அவர்கள்" என்று சரியாகத்தான் தொடங்கினேன். "அன்னார் கடந்த ஐந்து ஆண்டுகளாக எம் மண்ணுக்காக அயராது உழைத்தவர். அன்னாரின் கூட்டம் நாளை பிற்பகல் நான்கு மணிக்கு நடைபெறும். இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

எங்கள் பக்கத்தில் 'அன்னார்' என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கி நின்றார்கள். ஊரில் பெரிய மனிதர் செத்தால் கடை பூட்டுவது வழக்கம். புடவைக்கடை ஹனீபா நானா பாதிக் கதவை இழுத்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"யா அல்லாஹ்! எப்ப தம்பி மௌத்தானார்? நேத்தும் டிவியில சிரிச்சிக்கிட்டு இருந்தாரே!"

இலக்கம்

அந்த அதிர்ச்சியோ என்னவோ, மறுநாள் தொண்டை கட்டிவிட்டது. வீட்டு அலுமாரியில் போனமுறை பதிந்து வைத்த பென் டிரைவ் கிடந்தது. போட்டு முதல் இரண்டு நிமிடம் கேட்டேன். பெயரும் சரி, சின்னமும் சரி. ஓட்டோவில் செருகிக்கொண்டு மூன்று நாள் ஓடினேன். ஓடும்போதுதான் மிச்சத்தைக் கேட்டேன். மதகு, ஆஸ்பத்திரி, மைதானம், எல்லாம் போனமுறை சொன்னது, அதே ஒழுங்கில். ஒரு குஞ்சும் கேள்வி கேட்கவில்லை. எம்.பி.யே ஒருநாள் பின்னால் வாகனத்தில் வந்து தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

நான்காம் நாள் அவருடைய இணைப்பாளர் முகம் வெளிறி ஓடிவந்தார். பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பதறியது விருப்பு இலக்கத்துக்கு. ஒரே கட்சியில் பலர் நிற்பதால், யாருக்கு வாக்கு என்று காட்ட அவரவர் இலக்கத்துக்குப் புள்ளடி போட வேண்டும். அந்த இலக்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். போனமுறை எங்கள் எம்.பி.க்கு மூன்று. இந்தமுறை மூன்று, அதே கட்சியில் அவரை விழுத்த நிற்கிற ஆளுக்கு! மூன்று நாளாக எம்.பி.யின் ஓட்டோவில் எதிராளிக்கு வாக்குச் சேர்த்திருக்கிறேன்.

"அண்ணை, இலக்கம் மட்டுமில்லை, மதகுக் கதையும் பழசு" என்று கீச்சுக் குரலில் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அது பிரச்சினையில்லை ஐசே. இலக்கத்தை மட்டும் மாத்தும், மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்."

மதகடி

இலக்கத்தை மாற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். மாரி தொடங்கிவிட்டது. மதகடியில் சின்னராசா அண்ணை தனியாளாக உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். போன மாரியில் அவருடைய மனைவியைப் பாம்பு கடித்தது. மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்ததில் உழவு இயந்திரத்தாலும் கடக்க முடியவில்லை. தண்ணீர் வடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த மரண அறிவித்தலைச் சொன்னவனும் நான்தான்.

அந்த இடத்தில் வைத்துத்தான் ஒலிபெருக்கியில் என் குரல், "அடுத்த மாரிக்கு முன்னம் மதகு!" என்று முழங்கியது. பாய்ந்து நிறுத்தினேன். அவர் ஏசுவார், கல்லால் எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓட்டோவுக்குக் கிட்ட வந்தார். அக்கரையில் அவருடைய மகள் நிறைவயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கு வேறு சொல் இல்லை.

"தம்பி, மனுசியின்ரை செத்தவீட்டை ஒரு பிழையில்லாமல் சொன்னனீர், மறக்கமாட்டன். மகளுக்கு மார்கழியிலை நாள். அவளுக்காகவும் என்னை உம்மட்டை அறிவித்தலுக்கு வரப் பண்ணிப்போடாதையும்."

திறந்த மைக்

வீட்டுக்குப் போனதும் பதிவிலிருந்து மதகு வரியை வெட்டி எடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்துக்கு அக்கரைச் சனத்தை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து முன்வரிசைக் கதிரைகளில் இருத்தியிருந்தார்கள். சின்னராசா அண்ணையும் இருந்தார். எம்.பி. மேடையில். அவர்களுக்கென்றே வைத்திருந்த மதகு வரி வரும் வரும் என்று இணைப்பாளர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பதிவு ஆஸ்பத்திரியில் தொடங்கி, மைதானத்துக்குத் தாவி, இலக்கத்தோடு முடிந்தது. அடுத்து நான் பேசுவதற்காக மைக்கைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். இணைப்பாளர் அதைக் கவனிக்காமல் என் தோளைப் பிடித்து உலுப்பிக் கத்தினார். அவர் கத்தியது ஒலிபெருக்கியில் கூட்டம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டுச் சின்னராசா அண்ணை கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"ஐசே, மதகு எங்கை?"

ஐந்து வருடத்தில் எம்.பி.யின் ஆட்களில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.