நான் சாப்பிட, தம்பி பார்க்க

எடை மெஷினில் எழுபது கிலோவுக்குக் கீழே ஓர் எண் வந்த அன்று, செம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாடா, பெரிய வேலை ஒன்று முடிந்தது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மாட்டுங்காவில் டயாலிசிஸ். வீட்டில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் என்னுடையதுதான் அவனுக்குப் பொருந்தியது. ஆனால் என் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. உடம்பைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும், இறங்கினால்தான் எடுப்போம், இல்லாவிட்டால் உங்களிடம் எடுக்கவே மாட்டோம் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எழுபதுக்குக் கீழே வரவேண்டும். வந்தபிறகு ஆபரேஷன் வரைக்கும் அங்கேயே நிற்கவும் வேண்டும். இரண்டாவதாகச் சொன்னதை நான் உட்பட யாருமே காதில் வாங்கவில்லை.

குறைத்தது ஒன்றும் பெரிய வேலையில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் தாராவியில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி என் வயிற்றையும் அதட்டினேன். சோற்றை விட்டேன். ஸ்டாஃப் ரூமில் வடாபாவ் பொட்டலம் பிரிந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். விடிந்ததும் விடியாததுமாகப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா வரை போய்ச் சுற்றுவேன். ஆள் பாதியாகிவிட்டேன். தையல்காரரிடம் ரவிக்கைகளை எல்லாம் கொடுத்துப் பிடித்து வாங்கினேன். சந்தில் நடந்தால், "என்ன டீச்சர், காசநோயா?" என்று வாய் கூசாமல் கேட்டார்கள். அதுகூட எனக்குப் பெருமையாக இருந்தது.

எழுபதைத் தொட்ட அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. தம்பிக்கு நெஞ்சில் நீர் கோத்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் அடங்கட்டும் என்றார்கள். அடங்கியதும், கிட்னி கொடுப்பதற்கான கமிட்டி அனுமதி இன்னும் வரவில்லை என்றார்கள். மாதங்கள் ஓடின. காத்திருக்கிற வேலை இருக்கிறதே, அதைப்போலப் பாழாய்ப்போன வேலை உலகத்தில் கிடையாது. குறைக்கும்போது தினமும் ஏதோ ஒன்று நடக்கிறது. குறைத்ததைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்கும்போது எதுவுமே நடப்பதில்லை, பசி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்குள் நான் கிட்னி கொடுக்கப்போகிற செய்தி சந்து முழுக்கப் பரவிவிட்டது. வந்தது வினை. எதிர்வீட்டு லாத்தா, தோல் பட்டறைக்காரர் வீட்டம்மா, எங்கள் ஊர்ப்பக்கத்து முஸ்லிம் பெண்மணிதான், ஆட்டுக்கால் சூப்போடு வந்து நின்றார்.

"அதாம் கொறைச்சாச்சுல்லா டீச்சரம்மா, இனிமே என்ன? ஒரு உறுப்பையே அறுத்துக் குடுக்கப் போறிய, ஒடம்புல தெம்பு வேண்டாமா?"

அவர் மட்டுமா? கோயில் கொடைவிழாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் தனித் தூக்குச்சட்டியில் வந்தது. பக்கத்து வீட்டில் ஈரல் வறுத்தால் முதல் கிண்ணம் எனக்கு. வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. எங்கள் ஊர்க்காரர்களிடம் சாப்பாட்டை மறுப்பது ஆளையே மறுப்பதுதான். அவர்கள் அத்தனை பேரும் என் தம்பி பிழைக்க வேண்டுமென்றுதான் கொண்டுவந்தார்கள். யாரை என்னவென்று ஏசுவது?

இதையெல்லாம்கூட எப்படியோ சமாளித்தேன். பாதியைப் பிள்ளைகளுக்குத் தள்ளினேன், பாதியை வீட்டுக்காரர் தலையில் கட்டினேன். சமாளிக்க முடியாமல் போனது தம்பியிடம்தான்.

அவன் இட்லி வியாபாரி. நோயில் படுக்கும்வரை தினமும் சைக்கிளில் சட்டியைக் கட்டிக்கொண்டு சயான் பக்கம் போய் விற்றவன். இன்னும் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது, பெண்டாட்டியும் மச்சினனும் தொழிலைப் பார்க்கிறார்கள். சட்னியும் சாம்பாரும் கண்ணெதிரே கொதிக்கும், ஆனால் அவனுக்குத் தேங்காய் ஆகாது, பருப்பு ஆகாது, உப்பு ஆகாது. தண்ணீர்கூட அளந்து ஒரு சின்ன தம்ளரில். நாக்கையே தொழிலாக வைத்திருந்தவனுக்கு இப்படி ஒரு சீக்கு.

சனிக்கிழமை டயாலிசிஸுக்கு நான்தான் அவனோடு போவேன். முடிந்ததும் கிங்ஸ் சர்க்கிளுக்கு மெல்ல நடந்து வருவோம். அங்கே ஓட்டலைக் கண்டதும் நின்றுவிடுவான்.

"எக்கா, ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிடு. நான் சும்மா இருக்கேன்."

"எனக்குப் பசியில்லலே."

"கொறைச்சாச்சுல்லா. இன்னும் என்ன பட்டினி? நீ சாப்பிடு, நான் பாக்கேன்."

தோசை வரும். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு பார்ப்பான். ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறதா? சட்னிக்குப் பொரிகடலை கூடிவிட்டதா? காபியில் சிக்கரி எப்படி? ஒவ்வொன்றுக்கும் நான் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் விழுங்கும்போது அவன் தொண்டை ஏறி இறங்கும். கடைசி விள்ளலை நான் வாயில் போட்டதும் நிறைந்த வயிற்றுக்காரன் மாதிரி சாய்ந்து உட்கார்வான். ஒரு முறை பிடிவாதமாக மறுத்துவிட்டேன். அன்றைக்கு அவன் பெண்டாட்டி போன் செய்தாள். "மதினி, என்ன நடந்துச்சு? இவுக யாருகிட்டயும் மொகங்கொடுத்துப் பேச மாட்டேங்காவ." அடுத்த சனிக்கிழமை நானே ஓட்டலுக்குள் முதலில் நுழைந்தேன். வேறு என்ன செய்வேன்?

பிடித்துத் தைத்த ரவிக்கையில் கொக்கி மாட்ட மூச்சை இழுக்க வேண்டியதாயிற்று. தெரிந்தது. தெரிந்தும் நடையைக் கூட்டினேன், இரவுச் சாப்பாட்டை விட்டேன். நாற்பத்தெட்டு வயது உடம்பு அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

ஒருவழியாக அனுமதி வந்து தேதி குறித்தார்கள். அதற்கு முந்திய வாரம் என்னைச் சோதித்தார்கள். எடை எழுபத்துமூன்று. சர்க்கரை மறுபடி கோட்டைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "தேதியை ரத்து செய்கிறேன், குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த தம்பியிடம் வெடித்துவிட்டேன். "எல்லாம் ஒன்னாலதாம்லே! தோசை தோசைன்னு தின்ன வச்சே! இப்ப பாரு!" வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னையே பார்த்தான். "கொறைச்சாச்சு, முடிஞ்சுபோச்சுன்னுல்லா நெனச்சேன்" என்றான். பிறகு, "இனிமே கேக்க மாட்டேங்க்கா" என்றான்.

கேட்கவுமில்லை. டயாலிசிஸுக்கு அவன் பெண்டாட்டியைப் போகச் சொல்லிவிட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. சந்தில் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். லாத்தா பாவம், சூப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். உடம்பு முரண்டுபிடித்தாலும் இறங்கியது. மறுபடி எழுபதுக்குக் கீழே வந்தேன், சர்க்கரையும் வந்தது. ஓடிப்போய்ச் சாமிக்குச் சூடம் ஏற்றினேன்.

இந்த முறை டாக்டரம்மா என் கையைக் குலுக்கவில்லை. தம்பியை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினார். அவன் கையைப் பிடித்து, தோலை இழுத்துப் பார்த்தார். உடம்பில் சதையே இல்லை, இந்த நிலையில் கத்தி வைத்தால் தாங்காது, முதலில் இவர் ஒழுங்காகச் சாப்பிட்டு எடை ஏறட்டும் என்றார்.

"ஏ பிள்ள, இவன் சாப்பிடறதே இல்லையா?" என்று தம்பி பெண்டாட்டியைக் கேட்டேன்.

"ரெண்டு வாயி மதினி. அப்புறம் தட்டத் தள்ளி வச்சிருதாவ. எதைக் குடுத்தாலும் அப்படித்தான். நீங்க வாறத நிறுத்துனதுலேர்ந்து."

அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அனுமதித்த உப்பில்லாத இட்லியைத் தட்டில் வைத்து முன்னால் தள்ளினேன். அதட்டினேன். கெஞ்சினேன். அழுதுகூடப் பார்த்தேன். அவன் வீம்புக்காரன் இல்லை. இட்லியை எடுத்தான், வாய்வரை கொண்டுபோனான், திரும்ப வைத்துவிட்டான்.

"எறங்க மாட்டேங்குக்கா. நான் என்ன செய்ய?" என்றான். என்னைப் பார்க்காமலே கேட்டான். "நீயும் கூட உக்காந்து சாப்பிட்டேன்னா, நானும் சாப்பிட்டிருவேன். ஒனக்கு ஆகாதுன்னா வேண்டாம்."

தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளே ஒரு தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

ஓர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன். அவனும் ஒரு வாய் தின்றான். அடுத்த வாய்க்கு என் கையைப் பார்த்தான்.