ஏனைய ஒருவர்

அந்தக் கூட்டத்தில் ‘பிழை என்னுடையது’ என்று நான் சொல்லவில்லை. உடன்பிறவாத அக்காவாக இருந்த ஹமீதா ராத்தா மௌத்தான மரணச் செய்தியை அவருடைய வாப்பா தொலைபேசியில் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். “மகள், ராத்தா பெய்த்தா,” என்றார். காய்ச்சல் என்று மூன்று நாள் முன்னர்தான் லீவு எடுத்திருந்தார் ராத்தா.

புத்தளம் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவரது சிவப்புப் பென்சில் நினைவிருக்கும். நான் எழுதியதை அவரும் அவர் எழுதியதை நானும் பார்ப்போம். எண் வரும் இடங்களில் அதற்கு அருகிலுள்ள சொல்லை வட்டமிடுவார். ‘மூத்த மகனும் ஏனைய நான்கு பிள்ளைகளும்’ என்ற காணி உறுதிப் பத்திரத்தில் நான் ‘ஏனைய’வை விட்டபோது, “தங்கச்சி, ஒரு பிள்ளைய எங்க உட்டீங்க?” என்று சிரித்தார். “இலக்கத்த நம்பாதீங்க. பக்கத்துல நிக்கிற சொல்லப் பாருங்க.”

நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்களின் எண்ணிக்கையைக் கூட்ட அரசியலமைப்புத் திருத்தம் வந்தபோது, அதை எதிர்த்துக் கனமூலைக் கிராமத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். அதற்கான துண்டுப்பிரசுரத்தை நான் எழுதினேன். எழுதிய அன்று ராத்தா வாப்பாவின் வழக்கு விஷயமாகக் கொழும்புக்குப் போயிருந்தார். பார்க்க ஆளில்லாமல் அச்சுக்குப் போய்விட்டது. பிரதம நீதியரசரும் பத்துக்கு மேற்படாத ஏனைய நீதியரசர்களும் என்பதே அப்போதிருந்த சட்டம். நான் மொத்தமே பத்து என்று எழுதிவிட்டேன்.

தேநீர்க்கடை முபீன் நானா தாளைத் தூக்கிக் காட்டினார். “பத்து எண்டு போட்டிரிக்கி. அங்க பதினொரு பேரெல்லவா? எண்ணத் தெரியாத ஆக்களா நமக்கு அரசியல் யாப்புப் படிச்சித் தாற?”

சபை சிரித்தது. ராத்தா என்னைப் பார்க்கவேயில்லை. “என்ட பிழை நானா. ‘ஏனைய’ உட்டுப் பெய்த்து,” என்றார்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முபீன் நானா விடவில்லை. “சரி, கூட ஆள் வந்தா உங்கட வாப்பாட வழக்கு கெதியா முடியுமே. நீங்க ஏன் வேணாங்கிற?”

ராத்தாவின் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது காணியில் வேறொருவர் இருந்தார். வாப்பாவும் ராத்தாவும் சேர்ந்து போட்ட அந்த வழக்குதான் உயர் நீதிமன்றம் வரை போய் நீண்ட வரிசையில் காத்திருந்தது. வாப்பாவும் அன்று கூட்டத்தின் பின்வரிசைக் கதிரையில் இருந்தார்.

“கெதியா முடிஞ்சா எனக்குச் சந்தோஷம்தான்,” என்றார் ராத்தா. “பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஏழு பேர் எண்டு எழுதி வச்சிரிக்கம். தலைவருக்குப் புடிக்காத முடிவு வந்த அண்டு, அவரே இன்னும் நாலு பேரைப் போட்டா உடுவீங்களா நானா?”

“அண்டைக்கு அடிபிடிதான்,” என்றார் முபீன் நானா. மறுபடி சிரிப்பு. இம்முறை அவரும் சிரித்தார்.

மூவரும் திரும்பும்போது முச்சக்கரவண்டியில் வாப்பா மெல்லச் சொன்னார்: “நீ சொன்னது சரிதான் மகள். ஆனா எனக்கு வயசு போகுது.”

“ஓம் வாப்பா,” என்றார் ராத்தா. வீடு வரும்வரை அவர் கையைப் பிடித்திருந்தார்.

சிவப்புப் பென்சில் இப்போது என் மேசையில் இருக்கிறது. எண்ணைக் கண்டதும் பக்கத்துச் சொல்லைத் தேடும் பழக்கமும் என்னோடு இருக்கிறது. சொல்லாமல் விட்டதை இந்த நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டேன்.

திருத்தம் நிறைவேறியது. ஏனைய நீதியரசர்கள் பதினாறு வரை இருக்கலாம் என்றானது. வழக்கு நகர்ந்தது அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கிழமை தீர்ப்பு வந்தது, காணி அவர்களுக்கே. வாப்பாவுக்காக அதை நான் தமிழாக்கினேன். முதல் பக்கத்தில் வழக்காளிகளாக வாப்பாவின் பெயரும், ‘ஏனைய ஒருவர்’ என்றும் இருந்தது.

“அது யாரு மகள்?” என்று கேட்டார்.

“ராத்தா,” என்றேன்.