எழுதாமல் விட்ட ஆறு சனிக்கிழமைகள்

ஹெர்பர்ட் முப்பத்தொரு வருஷம் நகல் குமாஸ்தாவாக இருந்தார். கண்டோன்மென்டில் ஒரு சர்க்கார் ஆபீஸ். வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து மூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எப்படி முடிகிறது என்று கேட்டால், "அர்த்தத்துக்குள்ள போகக் கூடாது. போனா கை தப்பும்" என்பார். ஒருமுறை தன்னுடைய சம்பள உயர்வு உத்தரவையே நகல் எடுத்து முடித்துவிட்டு, அடுத்த மாதம் கூடுதலாகப் பணம் வந்தபோது திகைத்துப்போன மனிதர் அவர். ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் பங்கு வாங்கப் போனதே ஊரோடு ஒத்துப் போன காரியம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில் ஆபீஸில் நாலு பேர் எலகங்கா நூற்பாலையில் பங்கு வாங்கினார்கள். இவரும் வாங்கினார். ஐந்து பங்கு, பங்கு தொண்ணூறு ரூபாய். அந்தப் பணம் மனைவி பவுலினுடைய கழுத்திலும் கையிலும் இருந்தது. பிறந்த ஊர் அத்திபெலேயில் அவளுடைய அப்பா போட்டு அனுப்பிய அட்டிகையும் நாலு வளையலும். கழற்றிக் கொடுக்கும்போது அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இவர்தான் பேசினார். "ரெண்டே வருஷம். இதவிட கனமா செஞ்சு போடறேன் பாரு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆபீஸ் விட்டதும் வாசகசாலைக்குப் போவார். மெட்ராஸிலிருந்து வரும் இங்கிலீஷ் பேப்பரில் பங்கு விலைப்பட்டியல் இருக்கும். எலகங்கா நூற்பாலையின் வரியில் விரலை வைத்து, விலையைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்வார். கூட வாங்கிய நாலு பேரும் கொஞ்சம் லாபம் கண்டதும் விற்றுவிட்டு வேறு கவலைகளுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் விற்கவில்லை. இருபத்தாறாம் வருஷம் ஜூலை பத்தாம் தேதி விலை நூற்றெட்டு. நூற்றுப் பத்து ஆனதும் விற்று அட்டிகை செய்யக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் டைஃபாய்டு காய்ச்சலில் விழுந்தார்.

நாற்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்ததே பெரிய விஷயம். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் சனிக்கிழமை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசகசாலைக்குப் போனார். விலை ஐம்பத்துமூன்று. அச்சுப் பிழையாக இருக்கும் என்று அடுத்த வாரமும் போய்ப் பார்த்தார். ஐம்பத்துமூன்றேதான். நோட்டில் நடுவே ஆறு சனிக்கிழமைகளை வெறுமனே விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஐம்பத்துமூன்று என்று எழுதினார். பவுலினைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவியின் நகையை விற்றுப் பாதியைத் தொலைத்தவன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

படுக்கையில் இருந்தபோது வந்த தபாலையெல்லாம் பவுலின் கட்டி வைத்திருந்தாள். அதில் மில்லிலிருந்து வந்த ஒரு கனத்த காகிதம் இருந்தது. ஐந்து பங்கு, ஹெர்பர்ட் என்ற பெயர், முத்திரை எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பங்குப் பத்திரத்தைப் போலவே. மூலம் இருந்தால் நகல் இருக்கும் என்று அன்றாடம் பார்த்துப் பழகிய கண் அவருடையது. மூலையில் பென்சிலால் 'நகல்' என்று எழுதினார். கூட இருந்த அச்சடித்த கடிதத்தைப் பிரிக்காமலே உள்ளே சொருகி, பெட்டிக்கு அடியில் வைத்தார். லாபப் பங்கு நேரே பாங்கிக்குப் போய்விடும், பாஸ் புத்தகத்தில் தொகை மட்டும்தான் வரும். விலை பாதியான பிறகும் அந்தத் தொகை குறையவில்லை. "மில்லுக்காரங்க யோக்கியமானவங்க, பவுலின். வெல உழுந்தும் லாபத்த கொறைக்கல" என்று அவர்களை மெச்சிக்கொண்டார். மெச்சினாரே தவிர, ஏன் குறையவில்லை என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் வருஷம் மே மாதம் பவுலினின் தங்கை ஜோசஃபினுக்கு அத்திபெலேயில் கல்யாணம். பவுலின் வந்து நின்று, "பஸ்ஸுல போய்ட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"வெறும் கழுத்தோட உன்ன உங்க ஜனங்க முன்னால நிறுத்தச் சொல்றியா? வெல தொண்ணூறு வரட்டும். நகையோட ஜம்முனு போலாம்."

அவள் இன்னொரு முறை கேட்டாள். அதே பதில். உடம்பு சரியில்லை என்று கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, கல்யாணத்தன்று ஆஸ்டின் டவுன் வீட்டில் இரண்டு பேரும் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். பதினைந்து மாதம் கழித்து ஜோசஃபின் பிரசவத்தில் இறந்தாள். கார்டு கைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அப்போதும் ஹெர்பர்ட், இனி எந்த முகத்தோடு போவது என்றார். பவுலின் அதற்குப் பிறகு அத்திபெலே என்ற பேச்சையே எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்குத் தைத்துவந்த தையல் மெஷினைக் கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தேழில் ஹெர்பர்ட் ரிடையர் ஆனார். விலை அறுபத்தொன்று. "வித்துட்டு தொலைங்க. சனிக்கிழமை ஆனா உங்க மூஞ்சிய பாக்க முடியல" என்றாள் பவுலின். அவர் ஒரு மாசம் தவணை கேட்டார். பதினைந்து வருஷத்து விலை கையில் இருக்கிறது. அதைப் பார்த்தால் தொண்ணூறு வருமா வராதா என்று தெரியாதா? பஞ்சு விளைச்சல் நன்றாக இருந்த வருஷம் ஏறியிருக்கிறது. மழை பொய்த்த வருஷம் இறங்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு காரணம் கிடைத்தது. நூற்றெட்டு ஐம்பத்துமூன்றான அந்த ஒரு வீழ்ச்சிக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கேதான் நோட்டில் ஆறு வரி வெறுமையாக இருந்தது.

வாசகசாலை மாடியில் பழைய பேப்பர்களை வருஷவாரியாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் இருபத்தாறாம் வருஷத்து பைண்டைத் தூக்கி மேஜைமேல் போட்டுக்கொண்டு, ஆறு வாரத்து விலையையும் எழுதினார். வழக்கம்போல் அர்த்தத்துக்குள் போகாமல், கண்ணில் பட்டதை எழுத்து மாறாமல் எழுதினார். நகல் எடுத்தால் இன்னொருவர் மூலத்தை உரக்கப் படிக்க, எழுதியவர் சரிபார்க்க வேண்டும். அது ஆபீஸ் வழக்கம். ரிடையர் ஆகியும் அது விடவில்லை. வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஆராவமுதனைக் கூப்பிட்டார்.

"ஒரு அஞ்சு நிமிஷம், படிக்கிறீங்களா சார்?"

ஆராவமுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஜூலை பதினேழு, நூத்தொன்பது. இருபத்துநாலு, நூத்தொன்பதரை. முப்பத்தொண்ணு, நூத்திப்பத்து. ஆகஸ்டு ஏழு, அம்பத்தஞ்சு, எக்ஸ் போனஸ்..."

"இருங்க. கடைசியா என்ன சொன்னீங்க?"

"எக்ஸ் போனஸ். நீங்களும்தான் எழுதியிருக்கேளே, எக்ஸ்-பி-ன்னு."

எழுதித்தான் இருந்தார். அவருடைய அழகான கையெழுத்தில் அது நோட்டில் இருந்தது. "அப்படின்னா?" என்று கேட்டார்.

"என்ன ஹெர்பர்ட்ரே, இத்தனை வருஷமா வெலை எழுதறேள்! கம்பெனி சேத்து வெச்ச பணத்துலேந்து, பங்கு வெச்சிருக்கறவாளுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு சும்மா கொடுத்திருக்கா. ஒண்ணு ரெண்டாச்சு, அதனால ஒண்ணோட வெலை பாதியாச்சு. யாருக்கும் நஷ்டமில்லை. உங்களுக்கும் பத்திரம் வந்திருக்கணுமே?"

ஹெர்பர்ட் வீட்டுக்கு ஓடினார் என்றே சொல்ல வேண்டும், ஐம்பத்தைந்து வயசில். பெட்டியைக் கவிழ்த்து, 'நகல்' என்று தானே எழுதிய பத்திரத்தை எடுத்தார். பங்குகளின் வரிசை எண்கள் வேறாக இருந்தன. அச்சடித்த கடிதத்தைப் பதினோரு வருஷம் கழித்து, முதல் முறையாக, அர்த்தத்தோடு படித்தார். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு தையல் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

"பவுலின், நமக்கு நஷ்டமே இல்ல! அஞ்சு பங்கு இல்ல, பத்து! இன்னிக்கு வித்தா அறுநூத்திப் பத்து ரூபா. போட்டது நானூத்தம்பதுதான். ஒரு பைசா போகல!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. மெஷினை நிறுத்தி, அவர் சொன்னதை முழுசாகக் கேட்டாள். புரியாத இடத்தை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ஜோசஃபின் கல்யாணத்தப்ப என்ன வெல?"

அவருக்கு நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லா விலையும் மனப்பாடம். "நாப்பத்தொம்பது."

"ரெண்டால பெருக்கணும்ல?"

"ஆமா. தொண்ணூத்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"தொண்ணூத்தெட்டு" என்று பவுலின் முடித்தாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் அவர் காத்திருந்த விலை, அந்தக் கல்யாணத்தன்று ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தது. வாராவாரம் தன் கையால் எழுதிக்கொண்டே, அதற்காகக் காத்திருந்திருக்கிறார். "தெரியாம போச்சே" என்றார். அந்தச் சொல் அவருக்கே கேவலமாக இருந்தது.

"தெரிஞ்சிருந்தா என்னப் போக உட்டிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள் பவுலின். கோபம் இருந்தது, ஆனால் குரல் உயரவில்லை. "ஆனா நெஜமாவே பாதியா போயிருந்தாலும் நான் போயிருப்பேன். வெறும் கழுத்தோட போயிருப்பேன். எனக்கு வெக்கமா இல்ல, உங்களுக்குத்தான் வெக்கமா இருந்துச்சி."

ஹெர்பர்ட் அழுதார். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கி அத்திபெலேவுக்குப் போலாமா?" என்று அவர் கேட்டார். "பூச முடிஞ்சதும் போலாம்" என்றாள்.

மறுநாள் சந்தாபுராவைத் தாண்டும்போது கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார். ஹெர்பர்ட் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அதற்குள் பவுலின் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தையல் காசிலிருந்து இரண்டு பேருக்கும் எண்ணிக் கொடுத்தாள்.

"நான் தரேனே" என்றார்.

"இருக்கட்டும். அன்னிக்கும் என்கிட்ட பஸ் சார்ஜ் இருந்துச்சி. போய்ட்டு வான்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்."