வேனில் பிடித்த நோன்பு

என் பகிடிக்கு முதலில் சிரிப்பவர் என் தங்கையின் புருஷன்தான். எனக்கும் அவரை ஒரு நாளாவது சீண்டாவிட்டால் சாப்பாடு இறங்காது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் லக்கலைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் துணி நன்றாக விற்கும். அந்த வருஷம் நோன்பு மாதமும் கூடவே வந்தது. பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை, தங்கவும் இடமில்லை. ஆகவே நானும் மச்சானும் பழைய வேன் ஒன்றுக்குள் பலகைக் கட்டில் அடித்து, மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து, பூப்போட்ட சீத்தைத் துணியை ஏற்றிக்கொண்டு மாத்தளையிலிருந்து புறப்பட்டோம். ரத்தோட்டை தாண்டியதும் பனிமூட்டம், காற்று, காடு. ஒரு மனித முகம் பார்க்க மைல் கணக்கில் ஓட்ட வேண்டும்.

முதல் நாளே மச்சான் கேட்டார்: "நாம பிரயாணத்துல தானே இருக்கோம். நோன்ப விட்டுட்டுப் பொறகு புடிச்சா என்ன?"

மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. "தாராளமா விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னதோ வேறு.

"கட்டிலும் அடுப்பும் கூடவே வருது. வீட்டையே ஓட்டிக்கிட்டு வாற ஒங்களுக்கு என்ன மச்சான் பிரயாணம்?"

சிரித்தார். ஆனால் அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் நோன்பு பிடித்தார். வெட்கத்தில் நானும் பிடித்தேன்.

நாலாம் நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. விற்காத துணியோடு வேனை ஊர்ப்பக்கம் திருப்பினேன். ஏற்றத்தில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். வழிவிட இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறினேன்.

"குடிங்க மச்சான். நோயாளிக்கு நோன்பு இல்ல."

"அந்தி வரைக்குந்தானே. நோன்பு தொறக்கயிலேயே குடிக்கிறேன்."

"மடத்தனமாப் பேசாதீங்க! அண்டைக்கு நான் பகிடிக்குச் சொன்னது."

"தெரியும்" என்றார். "ஆனா சரியாத்தானே சொன்னீங்க."

தலையைத் தூக்கி வாயில் ஊற்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்து தலையணையை நனைத்தது. எனக்கு வந்த கோபத்தில் கோப்பையைக் காட்டுக்குள் வீசினேன். இன்னொரு முறை கெஞ்சியிருக்க வேண்டும். கெஞ்சவில்லை. வெளியே போய் மண் வெட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது அவருக்கு மூச்சில்லை. உடம்பில் ஈரமே இல்லை, தண்ணீராவது கொடுத்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார்.

செய்தி கேட்டுத் தங்கை ஓடிவந்து, நானா என்று இந்த அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா, அவங்க நோன்போடயா போனாங்க?"

"ஆமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நோன்போடு போனவருக்குச் சுவர்க்கம் என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகளை வளர்த்தாள். அது என் பகிடிக்காகப் பிடித்த நோன்பு என்ற உண்மையைச் சொன்னால் என் பாரம் குறையும், அவளுக்கு மிஞ்சியதும் போய்விடும். இன்றும் ஒவ்வொரு பெருநாளும், "ஒங்க வாப்பா நோன்போட மௌத்தானவங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, "இல்லையா நானா?" என்று என்னைத்தான் கேட்பாள்.

நான் ஆமாம் என்பேன்.