வெள்ளைப் பூவுக்குக் காத்த ஐந்து நாள்

இதே நிலையில் இருப்பவர்கள் படிக்கக்கூடும் என்பதால், மருத்துவ அறிக்கைகளில் உள்ளவற்றையும் நானே கேட்டவற்றையும் மட்டும் எழுதுகிறேன். அந்நாள்களில் என்ன உணர்ந்தேன் என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

இடப்பக்க மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. திசுச் சோதனையில் புற்றுநோய் என்று வந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று, மணமாகி இரண்டாண்டு, குழந்தை இல்லை.

ஒரு திங்களன்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள மருத்துவமனையில் மருத்துவர் விளக்கினார். கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) சினைப்பைகளைப் பாதிக்கலாம். அதற்குமுன் கருமுட்டைகளை எடுத்து உறையவைக்கலாம். அவை முதிரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி வேண்டும்.

"ரெண்டு வாரந்தான் தருவேன். அதுக்கு மேல கீமோவைத் தள்ளமாட்டேன்."

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் மாடுகள் உண்டு; அவற்றுக்குச் சினை ஊசி போடுபவர் உறைந்த விந்தைக் கேனில் கொண்டுவருவார். "சினை ஊசிக்காரரு கொண்டாற நைட்ரஜன் கேன் மாதிரிங்களா?" என்றார் கணவர்.

"அதேதான். அது பைக்குல ஊர் சுத்தும். இது இங்கயே இருக்கும்."

நானும் சிரித்தேனாம். கணவர் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதையும் கோயிலில் பூக் கேட்டே தொடங்குவர். வெள்ளையும் சிவப்புமாக இரு பூக்களைத் தனித்தனியே மடித்து அம்மன்முன் வைப்பர். எடுப்பது வெள்ளையானால் சம்மதம். எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை மட்டுமே கேட்க முடியும்.

"நாள் போகுதுங்கம்மா," என்றார் கணவர் தன் அம்மாவிடம்.

"பொண்ணு பாக்கறதுக்கே பூக் கேட்டமே. இதுக்குக் கேக்காம உடறதா?" என்ற அத்தை என் பக்கம் திரும்பினார். "வெள்ளி வரைக்குந்தான் கண்ணு."

நான் மறுக்கவில்லை. வெள்ளியன்று மடிப்பை எடுத்தவளும் நான்தான். வெள்ளை வந்தது.

சனிக்கிழமை முதல் ஊசி. எஞ்சியிருந்தவை ஒன்பது நாள். முழு வளர்ச்சிக்கு முன்பே எடுக்க நேர்ந்தது. ஆறு கிடைத்தன, முதிர்ந்தவை இரண்டு. மறுநாள் கீமோ தொடங்கியது.

மூன்றாண்டு ஆகிறது. கட்டி இல்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. ஒரு மாதம் முடிந்து மறுமாதம் தொடங்குவதை இப்போது நாட்காட்டியில்தான் அறிகிறேன். எனக்கு முப்பத்து நான்கு. உறைந்திருக்கும் அவ்விரண்டுக்கும் இன்னும் முப்பத்தொன்று.

உறைநிலையிலிருந்து எடுத்தபின் அவை பிழைக்குமா என்பது தெரியாது. என் உடல் ஒரு கருவைச் சுமக்குமா என்பதும் தெரியாது. ஐந்து நாள் முன்னதாகத் தொடங்கியிருந்தால் எத்தனை முதிர்ந்திருக்கும் என்று மருத்துவரிடம் ஒருமுறை கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார்.

அத்தை அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. அந்த ஐந்து நாளை அவரும் எண்ணிப் பார்க்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.