தமிழில்தானே கதைத்தோம்

ஸ்ரௌவ்வில் அண்ணையை நான் நேரில் பார்த்தது நீதிமன்றத்தில்தான். அதற்கு முன் பதினொரு வருடமாக அவருடைய குரலை மட்டும் தெரியும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், பல் வைத்தியருக்கும் பயண முகவருக்கும் நடுவே இருந்த சின்னத் தமிழ் வானொலி ஒன்றில், செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு நேயர்களோடு கதைக்கும் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேரம் திரும்ப ஏற்றும்வரை எனக்கு வேறு வேலையில்லை. நேரம் இருந்தது, வாயும் இருந்தது.

எங்கள் நிகழ்ச்சியில் யாரும் பெயர் சொல்வதில்லை. பெயர் சொன்னால் ஊர் எது என்று தேடுவார்கள், ஊர் தெரிந்தால் யாருடைய மகன் என்று கண்டுபிடிப்பார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலோ சேர்ச்சிலோ முகம் கொடுக்க முடியாது. ஆகவே இருக்கிற இடத்தை மட்டும் சொல்வார்கள். டோர்செட் பார்க் அன்ரி, மார்க்கம் அங்கிள், ஸ்ரௌவ்வில் அண்ணை. அந்தப் பெயரில்லாத தைரியத்தில் மருமகளைத் திட்டுவார்கள், பாதரைத் திட்டுவார்கள், பக்கத்துவீட்டுச் சீனரைத் திட்டுவார்கள். நான் யாரையும் தடுத்ததில்லை. அகதியாக வந்து இரண்டு வேலை செய்து களைத்த சனம், கொஞ்சம் கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். யாராவது, "அக்கா, ரேடியோவிலை உப்பிடிக் கதைக்கலாமோ?" என்று கேட்டால், "தமிழிலைதானே கதைக்கிறம், ஆருக்கு விளங்கப்போகுது?" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

ஸ்ரௌவ்வில் அண்ணை கலகலப்பான மனிதர். தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து துவக்கு லைசன்ஸ் எடுத்து, வருடத்தில் ஒரு கிழமை வடக்கே மான் சுடப் போவார். அந்தக் கதையை வானொலியில் நீட்டி முழக்கிச் சொல்வார். "இறைச்சியிலை பங்கு வராதோ அண்ணை?" என்று நான் கேட்பேன். "வருது வருது" என்பார். ஒருநாளும் வந்ததில்லை. அது எங்கள் நிரந்தரப் பகிடி.

ஒரு வியாழக்கிழமை அவர் வேறு குரலில் வந்தார். வீட்டு வாசலில் நின்ற காரை முன்னமே ஒருமுறை களவு கொடுத்தவர். அதற்குப் பதிலாக வாங்கிய புதுக் காரையும் கிளப்பப் பார்த்திருக்கிறார்கள்.

"அக்கா, திரும்பவும் வந்தவங்கள். கமெராவிலை வடிவாக் கிடக்கு. ரெண்டு கறுவல். பொலிஸ் வந்து ஒரு முறைப்பாட்டு நம்பரை எழுதித் தந்திட்டுப் போட்டாங்கள். இனி நான் பொலிசுக்குப் போன் அடிக்கமாட்டன். துவக்கு மேலைதான் கிடக்கு. உவங்களிலை ஒண்டை விழுத்தினால்தான் மற்றது வராது."

"ஓம் அண்ணை, விழுத்துங்கோ," என்றேன். "ஆனால் அந்த இறைச்சியிலை எங்களுக்குப் பங்கு வேண்டாம்."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த நேயர் வந்தார், அவருக்குப் புல் வெட்டுவதில் ஏதோ பிரச்சினை.

இதை எழுதும்போது கை கூசுகிறது. என் பஸ்ஸில் அந்த நாட்களில் ஏறிய பிள்ளைகளில் பாதிப்பேர் கறுப்பினப் பிள்ளைகள். பனியில் தொப்பி இல்லாமல் வந்தால் அவர்களை ஏசுவேன், பிறந்தநாளுக்குச் சொக்லேற் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. காலை ஒன்பதுக்கு அந்தப் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பத்து மணிக்கு இப்படிக் கதைத்தவள் நான். இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, பெப்ரவரி பின்னேரம் ஒன்றில், ஸ்ரௌவ்வில் புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டுக்காரர், காரை எடுக்க வந்த பத்தொன்பது வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றார் என்று செய்தி வந்தது. வாட்ஸ்அப்பில் வாசல் கமெரா வீடியோ ஒன்று சுற்றியது. அதில் பனியும் ஒரு காரின் பின்பக்கமும்தான் தெரிந்தன. ஆனால் குரல் கேட்டது. "அவன் ஜாக்கெற்றுக்குள்ளை கையை விட்டவன், நான் கண்டனான், கையை விட்டவன்" என்று தமிழில் யாரோ கத்திக்கொண்டிருந்தார். குசினியில் நின்று கேட்டேன். இரண்டாம் முறை போடத் தேவைப்படவில்லை. பதினொரு வருடம் கேட்ட குரல்.

பையனின் ஜாக்கெற்றுக்குள் கைத்தொலைபேசி மட்டும் இருந்தது. வெடி விலாவில் பட்டிருந்தது. ஓடுவதற்காகத் திரும்பினான் என்றது பொலிஸ். எதையோ எடுக்கத் திரும்பினான் என்றார் அண்ணை. கொலைக் குற்றம் சாட்டினார்கள்.

அடுத்த செவ்வாய் தொலைபேசி இணைப்புகள் எல்லாம் பத்து மணிக்கு முன்னமே நிறைந்துவிட்டன. வெள்ளைக்காரன் சுட்டிருந்தால் கேஸ் போட்டிருப்பார்களா என்று ஒருவர் கேட்டார். வீட்டு வாசலில்கூட நிம்மதியில்லாத நாட்டுக்கா இவ்வளவு வரி கட்டுகிறோம் என்றார் இன்னொருவர். கோயிலிலும் சேர்ச்சிலும் அண்ணைக்காகக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலத் தொலைக்காட்சியில் கறுப்பினத் தலைவர் ஒருவர், ஒரு காருக்கு ஓர் உயிரா என்று கேட்டார். அதற்கு எங்கள் நேயர்கள் கொடுத்த பதில்களை நான் எழுதமாட்டேன்.

பத்து நாற்பதுக்கு டோர்செட் பார்க் அன்ரி வந்தார். வழக்கமாகச் சமையல் குறிப்பு கேட்கிறவர்.

"பிள்ளை, நான் ஒண்டு கேக்கிறன். அவன் கள்ளன்தான். ஓம். ஆனால் ஓடினவனெல்லே? ஊரிலை எங்கட பெடியள் ஓடேக்கை ஆமி சுட்டுப்போட்டு, ஓடினபடியால் சுட்டனாங்கள் எண்டு சொன்னவங்கள். என்ரை தம்பியையும் அப்பிடித்தான். அண்டைக்கு நாங்கள் என்ன சொன்னனாங்கள்?"

"நல்லது அன்ரி, நிறையப் பேர் லைனிலை நிக்கினம்" என்று சொல்லி வெட்டிவிட்டேன். பதினொரு வருடத்தில் நான் வெட்டிய ஒரே அழைப்பு அதுதான்.

இரண்டு கிழமை கழித்து பிளாசாவுக்குப் பொலிஸ் வந்தது. வந்த இருவரில் ஒருவர் எங்கள் ஆள், இருபத்துநாலு வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார். "அக்கா, நான் சின்னனிலை உங்கட புரோகிராம் கேட்டுத்தான் வளந்தனான். அம்மா காரிலை போடுவா." பிறகு மடிக்கணினியைத் திறந்து அந்த வியாழக்கிழமை நிகழ்ச்சியைப் போட்டார். தவறவிட்டவர்கள் கேட்கட்டும் என்று நாங்களேதான் எல்லா நிகழ்ச்சிகளையும் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தோம். இறைச்சிப் பகிடி வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு நீங்கள் சாட்சி சொல்லவேணும், அக்கா. குரல் அவரின்ரைதான் எண்டும், அவர் என்ன அர்த்தத்திலை சொன்னவர் எண்டும் கேப்பினம்."

வழக்குக்கு ஒன்றரை வருடம் சென்றது. அதற்குள் என்னைக் காண்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒரே விஷயம்தான். மீன்கடையில் நின்றாலும், "அக்கா, இனி உங்கட வாயிலைதான் கிடக்கு" என்பார்கள். திட்டம் போட்டுத்தான் சுட்டார் என்று ஜூரி நம்பினால் ஆயுள் தண்டனை. அதற்குச் சாட்சி அந்த ஒலிப்பதிவு. பகிடி என்று நம்பினால் அவர் தப்பலாம். அண்ணையின் மனைவி ஒருநாள் தொலைபேசியில் அழுதார். "பிள்ளையள் ரெண்டும் பள்ளிக்கூடம் போக மாட்டம் எண்டு நிக்குதுகள். சும்மா சொன்னவர் எண்டு சொல்லுங்கோ அக்கா. உங்களுக்குத் தெரியும்தானே அவர் சும்மா சொன்னவர் எண்டு."

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. சும்மா சொன்னார் என்றே அன்றைக்கு நினைத்தேன். சும்மா சொன்ன மனிதர் எட்டு மாதத்தில் அதைச் செய்தும்விட்டார். இரண்டுக்கும் நடுவில் அவருடைய மனதுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீதிமன்றத்தில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். பெரிய திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிவரியாக ஓடியது. யாரோ மிகக் கவனமாக மொழிபெயர்த்திருந்தார்கள், ஒரு சொல் பிசகவில்லை. முன்வரிசையில் பையனின் தாய் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், என் வயதுதான் இருக்கும். மடியில் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு திரையை வாசித்தார். என் வரி வந்தபோது அவருடைய உதடுகள் அசைந்தன. மெதுவாக வாசிக்கிறவர்போல் இருந்தது. பிறகு சாட்சிக்கூண்டில் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. விளங்காத பார்வை. செத்துவிடலாம்போல் இருந்தது எனக்கு.

அண்ணையின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். எங்கள் பழைய நிகழ்ச்சிகள் நாற்பதை மொழிபெயர்த்து வைத்திருந்தார். மருமகளைக் கிணற்றில் தள்ளவேண்டும் என்ற அன்ரி, மேயரைக் கட்டிவைத்துச் சுடவேண்டும் என்ற அங்கிள், கறுப்பினத்தவர் எல்லோரையும் கப்பலில் ஏற்றவேண்டும் என்ற இன்னொருவர். ஒவ்வொன்றாக வாசித்தார். நேயர்கள் இப்படிக் கதைப்பது வழமையா என்று கேட்டார். ஆம் என்றேன். எத்தனை தடவை? ஒவ்வொரு கிழமையும். நீங்கள் யாரையாவது தடுத்ததுண்டா? இல்லை. ஏன்? யாரும் அதை உண்மையாக எடுப்பதில்லை. 'கறுவல்' என்ற அந்தச் சொல்லையும் எல்லோரும் பாவிப்பார்களா? எல்லோரும். நீங்களும்? நானும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் எவ்வளவு கேவலமாகக் கதைக்கிறோம் என்று நான் காட்டக்காட்ட அண்ணை தப்பிக்கொண்டிருந்தார். ஊரே அப்படிக் கதைக்கும்போது அவர் கதைத்ததில் என்ன விசேஷம் இருக்கிறது? பார்வையாளர் பக்கத்தில் இருந்த எங்கள் சனம் குனிந்துகொண்டது. நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. குற்றவாளிக்கூண்டில் நின்ற அண்ணையைப் பார்த்தேன். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன மனிதர், மெலிந்துபோயிருந்தார். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சாட்சி சொல்லி மூன்றாம் நாள் ஜூரி வந்து குற்றவாளி இல்லை என்றது. ஏன் என்று ஜூரி வெளியே சொல்லக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். பையன் கையை விட்டதை நம்பினார்களோ, என்னை நம்பினார்களோ, யாருக்கும் தெரியாது. எங்கள் ஆட்கள் விறாந்தையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு அங்கிள் என் பக்கம் வந்து, "ஆளைக் காப்பாத்திப்போட்டியள். ஆனால் எங்கட மானத்தை வாங்கிப்போட்டியள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டும் சரிதான்.

அந்தக் கூட்டத்துக்குள் நிற்கப் பிடிக்காமல் கடைசிவரை நடந்து லிஃப்ற் பக்கம் போனேன். அங்கே பையனின் தாய் தனியாக நின்றார். திரும்பிப் போகவும் முடியவில்லை. அவர்தான் முதலில் கதைத்தார்.

"நீங்கள்தானே அந்த வானொலிப் பெண்?"

ஆம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் கையால் மறித்தார்.

"ஒன்று கேட்கவேண்டும். எல்லோரும் எங்களைப் பற்றி அப்படித்தான் கதைப்பார்கள், ஒவ்வொரு கிழமையும் கதைப்பார்கள் என்று சொன்னீர்கள். அவரைக் காப்பாற்றுவதற்காகத்தானே அப்படிச் சொன்னீர்கள்?"

அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று தெரிந்தது. இத்தனை நாளாகப் பொய் சொல்லவேண்டுமா என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, அந்த ஒரு நிமிடம் பொய் சொல்ல மனம் வந்தது. ஆனால் அவருடைய மகன் செத்துப்போயிருந்தான்.

"இல்லை," என்றேன். "உண்மையைத்தான் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார்.

"பொய் சொல்கிறீர்கள் என்று நினைத்துத்தான் இந்த மூன்று இரவும் நித்திரை கொண்டேன்," என்றார்.

லிஃப்ற் வந்தது. அவர் ஏறி, நான் ஏறுவதற்காகக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். என்னால் ஏற முடியவில்லை.